தூஷணம் என்னும் சொல்: பழிச்சொல் பற்றிய கிறித்தவப் பார்வையும் தமிழர் வரலாறும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில் வழிபாட்டிடங்கள் ஒன்றுக்கொன்று நடந்து செல்லும் தொலைவிலேயே அமைந்துள்ளன. சிராங்கூன் சாலையில் ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோயிலும் ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலும் உள்ளன. டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசல் இருக்கிறது. ஷார்ட் ஸ்திரீட்டில் தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும், சற்றுத் தொலைவில் ஓஃபிர் சாலையில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கென 1888ஆம் ஆண்டில் எழுந்த லூர்து அன்னை ஆலயமும் உள்ளன. ஒரே மொழி பேசுவோர் வெவ்வேறு பெயரால் இறைவனை அழைக்கும் இத்தகைய இடத்தில், ஒருவர் வணங்கும் பெயரை மற்றொருவர் எவ்வாறு பேசுகிறார் என்பது அன்றாட வாழ்வின் வினா ஆகிவிடுகிறது.

தெய்வத்தைப் பழித்தலையும் தீய சொல் பேசுதலையும் கிறித்தவம் எவ்வாறு நோக்குகிறது என்பதே இவ்வுரையின் பொருள். அதனை ஒரு சொல்லின் வரலாற்றைப் பின்பற்றிக் காண்போம். அச்சொல் 'தூஷணம்'.

ஒரு சொல்லின் பயணம்

'துஷ்' என்னும் வடமொழி வேருக்குக் கெடுதல் என்பது பொருள். தோஷம், துஷ்டன், தூஷணம் ஆகியன அவ்வேரிலிருந்து கிளைத்தவை. கரனுடன் இணைத்துப் பேசப்படும் இராமாயண அரக்கன் தூடணனின் பெயரும் இதனோடு உறவுடையதே. ஆயினும் இந்தியத் தருக்க நூல்களில் தூஷணம் என்பது வசைச்சொல் அன்று. தன் கொள்கையை நிறுவுதல் சாதனம். எதிராளியின் வாதத்தில் குற்றம் காட்டி மறுத்தல் தூஷணம். அறிவுடையோர் அவையில் நிகழும் நேர்மையான செயலின் பெயராகவே அது வழங்கியது.

வாதத்தைக் கெடுத்தல் என்ற பொருள் நாளடைவில் பெயரைக் கெடுத்தல் என்ற பொருளையும் ஏற்றது. பின்னர்த் தெய்வத்தின் பெயரைக் கெடுத்தலும் தூஷணம் எனப்பட்டது. இன்று ஈழத்தமிழர் பேச்சில் 'தூசணம்' என்றால் வாயால் சொல்லக் கூசும் கெட்ட வார்த்தை. சிறுவன் ஒருவன் தெருவில் ஆபாசமாகத் திட்டினால், தூசணம் பேசாதே என்று பெரியோர் அதட்டுவர். மறுப்பு, அவதூறு, தெய்வநிந்தை, ஆபாசச் சொல் என நான்கு பொருள்களை இவ்வொரு சொல் தாங்கியிருக்கிறது. இவற்றுள் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்பதுதான் நாம் ஆராய வேண்டிய சிக்கல்.

விவிலியம் கூறுவது

கிறித்தவ மறையின் பத்துக் கட்டளைகளுள் ஒன்று, கடவுளின் பெயரை வீணாக எடுத்தாளலாகாது என்பது. கத்தோலிக்கரும் லுத்தரன் சபையாரும் இதனை இரண்டாம் கட்டளையாகவும், மெதடிஸ்ட், ஆங்கிலிக்கன் முதலிய சபையார் மூன்றாம் கட்டளையாகவும் எண்ணுவர். லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தில், சண்டையின்போது இறைவன் பெயரைப் பழித்த ஒருவன் கல்லெறிந்து கொல்லப்படுகிறான். பழைய ஏற்பாட்டுக் காலச் சமூகம் இக்குற்றத்தை எவ்வளவு கடுமையாகக் கருதியது என்பதற்கு இது சான்று.

புதிய ஏற்பாட்டில் இக்குற்றச்சாட்டு எதிர்பாராத திசையில் திரும்புகிறது. தெய்வத்தைப் பழித்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவர் இயேசுவே. தலைமைக் குரு தம் ஆடையைக் கிழித்துக்கொண்டு அத்தீர்ப்பைக் கேட்டு வாங்கியதை மாற்கு நற்செய்தி 14ஆம் அதிகாரம் விவரிக்கிறது. முதல் மறைசாட்சியாகிய ஸ்தேவான்மீதும் இதே குற்றமே சுமத்தப்பட்டது. ஆகவே கிறித்தவம் பொய்யான தெய்வநிந்தைக் குற்றச்சாட்டின் நினைவோடு பிறந்த சமயம். தெய்வத்தின் மானத்தைக் காக்கிறோம் என்று எண்ணுவோரும் மாசற்றவரைக் கொல்லக்கூடும் என்ற எச்சரிக்கை அதன் மூலநூலிலேயே இருக்கிறது.

இவ்வெச்சரிக்கை மறக்கப்பட்ட காலங்களும் உண்டு. திருச்சபையும் அரசும் கைகோத்திருந்த ஐரோப்பாவில் தெய்வநிந்தை மரண தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. 1697ஆம் ஆண்டு சனவரியில் எடின்பரோ நகரில் தாமஸ் ஐக்கன்ஹெட் என்னும் இருபது வயது மாணவர் இக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டார். பிரிட்டனில் தெய்வநிந்தைக்காக உயிரிழந்த கடைசி மனிதர் அவரே.

விவிலியத்தின் கிரேக்க மூலத்தில் இதற்கு வழங்கும் சொல் 'பிளஸ்பேமியா'. அச்சொல் கடவுளைப் பழித்தலையும் குறிக்கும்; மனிதர் மனிதரைப் பழித்தலையும் குறிக்கும். ஆங்கில மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்களை இடுகின்றன. தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபையார் வழங்கும் விவிலியமோ கிரேக்கத்தின் ஒருமையைக் காத்தது. இயேசுவின் மீதான குற்றச்சாட்டு அதில் 'தேவதூஷணம்'. எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், கசப்பு, கோபம் முதலியவற்றோடு விலக்கவேண்டிய மனிதப் பழிச்சொல்லும் அதில் 'தூஷணம்'. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு தூஷணம் என்ற வடசொல்லைத் தவிர்த்துக் கடவுளைப் 'பழித்துரைத்தல்' என்று எழுதியபோதும், பழி என்ற அடிச்சொல் இறைவனுக்கும் மனிதனுக்கும் பொதுவாகவே நிற்கிறது.

கிறித்தவப் பார்வையின் மையம் இவ்வொருமையில் உள்ளது. கடவுளைப் போற்றும் அதே நாவால் அவருடைய சாயலில் படைக்கப்பட்ட மனிதரைச் சபிப்பது முரண் என்று யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரம் வாதிடுகிறது. அயலானை இழிசொல்லால் அழைப்பவனும் தீர்ப்புக்கு ஆளாவான் என்று மலைப்பொழிவு கூறுகிறது. ஆபாசச் சொல் கூடாது என்பதற்குக் கிறித்தவம் காட்டும் காரணம் நாகரிகம் மட்டுமன்று. மனிதனை இழிவுபடுத்தும் சொல் அவனைப் படைத்தவனையும் சென்று சேர்கிறது என்பதே அதன் காரணம். திருக்குறளில் தெய்வநிந்தை என்றொரு அதிகாரம் இல்லை. புறங்கூறாமை, பயனில சொல்லாமை, இனியவை கூறல் எனச் சக மனிதரை நோக்கிய சொல்லறமே அதில் விரிவாகப் பேசப்படுகிறது. கிறித்தவத் தமிழர் இவ்வதிகாரங்களைத் தயக்கமின்றித் தமதாக்கிக்கொண்டதில் வியப்பில்லை.

பழியும் முறையீடும்

இங்கு ஓர் ஐயம் எழலாம். கடவுளை நோக்கிக் கடுமையாகப் பேசுவதெல்லாம் பழிப்பாகுமா? தமிழ்ச் சைவ மரபு இதற்கு நயமான விடை வைத்திருக்கிறது. சிவபெருமானைப் பித்தன் எனத் திட்டிய சுந்தரரை இறைவன் தண்டிக்கவில்லை. வன்தொண்டர் என்ற பெயர் தந்து தோழமை கொண்டதாகப் பெரியபுராணம் கூறுகிறது. காளமேகப் புலவர் போன்றோர் வளர்த்த நிந்தாஸ்துதி, பழிப்பதுபோலப் புகழும் தனி வகையாகவே போற்றப்படுகிறது.

விவிலியத்திலும் இதற்கு இணையான இடம் உண்டு. யோபு தன் துன்பத்தில் இறைவனோடு வழக்காடுகிறான். அவனுடைய நண்பர்களோ கடவுளுக்காகப் பரிந்து பேசுகிறார்கள். நூலின் இறுதியில் கடவுள் யோபு சரியாகப் பேசினான் என்கிறார். நண்பர்கள்மீதே சினம் கொள்கிறார். உறவின் உள்ளே நின்று எழும் முறையீடு வேறு, உறவை அறுக்க எண்ணும் இகழ்ச்சி வேறு என்ற வேறுபாட்டை இரு மரபுகளும் அறிந்திருந்தன. ஆனால் சுந்தரருக்கு உள்ள உரிமை, சிவனை வணங்காத ஒருவருக்கு உண்டா? தமிழகத்திலும் யாழ்ப்பாணத்திலும் சமயங்கள் நேருக்கு நேர் சந்தித்தபோது இவ்வினாவே கூர்மை பெற்றது.

இரண்டு நூல்கள், ஒரே தலைப்புச்சொல்

1606இல் மதுரைக்கு வந்த இத்தாலிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி தமிழில் எழுதிய உரைநடை நூல்களுள் ஒன்றின் பெயர் 'தூஷணத் திக்காரம்'. தம் சமயத்தின்மீது பிறர் கூறிய பழிகளை மறுப்பது அதன் நோக்கம். அன்று மதுரையில் கிறித்தவர் சிறுபான்மையினர். பழிக்கு உள்ளானோரின் தற்காப்பாகவே அச்சொல் நூலின் தலைப்பில் நின்றது.

அடுத்த நூற்றாண்டில் நிலை மாறியது. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தமிழ் நூல்களைத் தேடிக் கற்றவர். புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றியவர். எனினும் அங்கிருந்து தொடக்கத்திலேயே அச்சாகி வெளிவந்த சிறுநூல்களுள் ஒன்று, நாட்டு வழிபாட்டை அஞ்ஞானம் எனக் கண்டித்தது. கிறித்தவர் தமக்குள்ளும் இதே போக்கில் மோதினர். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரே லுத்தரன் சபையாரைச் சாடி 'வேதவிளக்கம்', 'பேதகமறுத்தல்' ஆகிய நூல்களை எழுதினார். அச்சு இயந்திரம் மறைநூலைப் பரப்பிய வேகத்திலேயே மறுப்பையும் வசையையும் பரப்பியது.

இவ்வரலாற்றின் உச்சம் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. 1822இல் நல்லூரில் பிறந்த ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார். அப்பள்ளித் தலைவர் பீட்டர் பெர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் உறுதுணையாக இருந்தார். அம்மொழிபெயர்ப்பு 1850இல் சென்னையில் அச்சாயிற்று. அதற்கு முன்பே, 1848இல், நாவலர் மிஷன் பணியிலிருந்து விலகி வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். 1854இல் அவர் வெளியிட்ட நூலின் பெயர் 'சைவ தூஷண பரிகாரம்'.

நொபிலியின் தலைப்பையும் நாவலரின் தலைப்பையும் அருகருகே வைத்து மாணவர் நோக்க வேண்டும். ஒன்று கிறித்தவத்தின்மீது விழுந்த பழிக்கு மறுப்பு. மற்றொன்று கிறித்தவரால் சைவத்தின்மீது விழுந்த பழிக்குப் பரிகாரம். ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளில் தூஷிக்கப்பட்டோரும் தூஷித்தோரும் இடம் மாறிவிட்டனர். தெய்வப்பழிப்பு தம் கடவுளுக்கு எதிராக மட்டுமே நிகழக்கூடியது என்ற எண்ணத்தை நாவலரின் தலைப்பு அசைத்தது.

நாவலர் எடுத்த முறையும் கருதத்தக்கது. விவிலியத்தைச் சொல் சொல்லாகக் கற்றவராதலால், பழைய ஏற்பாடு விதிக்கும் ஆலய வழிபாடு, பலி, தூய்மை விதிகள் முதலியவற்றை எடுத்துக்காட்டி, சைவக் கிரியைகளை இகழ்வோர் தம் மறைநூல் கூறுவதையே இகழ்கின்றனர் என்று வாதிட்டார். இது தருக்க நூல்கள் கூறும் பழைய பொருளிலான தூஷணம்: எதிராளியின் நூலைக் கொண்டே அவன் வாதத்தில் குற்றம் காட்டுதல். எனினும் அக்காலத்தில் இரு தரப்பிலிருந்தும் கடுஞ்சொற்கள் மிகுந்த துண்டு நூல்கள் வெளிவந்தன என்பதையும் வரலாறு மறைக்கவில்லை. வாதம் எங்கே முடிந்து வசை எங்கே தொடங்கியது என்பதை வகுத்துரைக்க யாழ்ப்பாணத்தில் அன்று நடுவர் எவரும் இருக்கவில்லை.

சட்டம் வகுத்த எல்லை

அத்தகைய நடுநிலையைச் சட்டத்தின் வழியாகக் கொணர முயன்றவர் மெக்காலே. இங்கிலாந்தின் தெய்வநிந்தைச் சட்டம் கிறித்தவ மதத்தை மட்டுமே காத்தது. அங்கு அது 2008இல்தான் ஒழிக்கப்பட்டது. மெக்காலே 1833இல் நாடாளுமன்றத்தில் பேசுகையில், தாம் இந்தியாவில் நீதிபதியாக இருந்தால் பள்ளிவாசலைத் தீட்டுப்படுத்தும் கிறித்தவனைத் தண்டிக்கத் தயங்கமாட்டேன் என்ற கருத்தை வெளியிட்டார். அவர் தலைமையில் 1837இல் வரைவு கண்டு 1860இல் நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 15ஆம் இயல், எல்லாச் சமயங்களையும் ஒரே தட்டில் வைத்தது. 298ஆம் பிரிவு, பிறர் சமய உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட நோக்குடன் பேசுவதைக் குற்றமாக்கியது. கடவுளுக்கு நேரும் இழிவு பற்றி அப்பிரிவு தீர்ப்புக் கூற முன்வரவில்லை; அயலானுக்கு நேரும் காயத்தையே அளவுகோலாகக் கொண்டது. இச்சட்டத்தைத் தழுவிய தண்டனைச் சட்டம் 1872இல் நீரிணைக் குடியேற்ற நாடுகளில் நடப்புக்கு வந்தது. சிங்கப்பூருக்கு இவ்வெல்லைக்கோடு அவ்வாறே வந்து சேர்ந்தது.

சிங்கப்பூரின் அனுபவம்

சமய உணர்வு எவ்வளவு விரைவில் தீப்பற்றும் என்பதை 1950ஆம் ஆண்டு மரியா ஹெர்டோக் கலவரம் காட்டியது. அதில் 18 பேர் உயிரிழந்தனர். அதற்கு முந்தைய ஆண்டிலேயே பல சமயத் தலைவர்கள் கூடிச் சமயங்களுக்கு இடையிலான அமைப்பை நிறுவியிருந்தனர். நாடு விடுதலை பெற்ற பின், அரசியலமைப்பின் 15ஆம் பிரிவு சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தந்தது. பரப்பும் உரிமைக்கும் பழிக்காமல் இருக்கும் கடமைக்கும் இடையில் எல்லை எங்கே என்ற பழைய யாழ்ப்பாண வினா, 1980களில் லிட்டில் இந்தியாவிலேயே எழுந்தது.

1989 டிசம்பரில் சமய நல்லிணக்கம் குறித்து அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை சில நிகழ்வுகளைப் பட்டியலிடுகிறது. 1986 ஆகஸ்டில் ஓர் இந்துக் கோயிலின் நுழைவாயிலில் கிறித்தவக் கருத்தரங்கு ஒன்றின் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்தன. சிராங்கூன் சாலைக் கோயில்களுக்குள் நுழையும் பக்தர்களிடம் சமயத் துண்டறிக்கைகள் கொடுக்கப்பட்டதை இந்துக்கள் எதிர்த்தனர். ஒட்டப்பட்ட தாளில் வசைச்சொல் ஒன்றுகூட இல்லாதிருக்கலாம். ஆயினும் ஒருவர் கைகூப்பி நுழையும் வாயிலில் ஒட்டும்போது, அவ்விடமே அத்தாளை வேறொரு சொல்லாக மாற்றிவிடுகிறது.

1990இல் நிறைவேறிய சமய நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் 1992இல் நடப்புக்கு வந்தது. 2019இல் இணையக் காலத்துக்கேற்பத் திருத்தப்பட்டது. 2009இல் பிற சமயத்தை இழிவுபடுத்தும் கிறித்தவச் சிறுநூல்களை அஞ்சலில் அனுப்பிய இருவருக்கு எட்டு வாரச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 2010இல் பௌத்த, தாவோ நம்பிக்கைகளைக் கேலி செய்த போதகர் ஒருவர் அச்சமயத் தலைவர்களை நேரில் கண்டு மன்னிப்புக் கேட்டார். இவ்விரண்டில் கிறித்தவ அறத்துக்கு நெருக்கமானது பின்னதே. சட்டம் வாயை அடக்கும். மனம் திரும்புதலை அது கட்டளையிட இயலாது.

எபேசு நகரத்தின் சான்று

சட்டம் இல்லாதிருந்தாலும் கிறித்தவர் பிற தெய்வங்களை இகழாமல் இருக்க வேண்டுமா? தம் மறைநூலே இதற்கு என்ன கூறுகிறது? அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தில் எபேசு நகரத்துக் கலகம் விவரிக்கப்படுகிறது. அந்நகரின் பெருந்தெய்வத்தைத் தமிழ் விவிலியம் தியானாள் என அழைக்கிறது. பவுலின் போதனையால் தங்கள் தொழில் கெடும் என்று அஞ்சிய தட்டார்கள் மக்களைத் திரட்டுகின்றனர். அப்போது நகரின் அலுவலர் எழுந்து, இம்மனிதர்கள் கோயிலைக் கொள்ளையிட்டவர்களும் அல்லர், நம் தேவியைத் தூஷித்தவர்களும் அல்லர் என்று சான்று கூறிக் கூட்டத்தைக் கலைக்கிறார்.

பவுல் அந்நகரில் சுமார் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் போதித்தவர். கையால் செய்யப்பட்டவை தெய்வங்கள் ஆகா என்று வெளிப்படையாகவே வாதிட்டவர். அவர் தம் நம்பிக்கையை மறைக்கவில்லை. எனினும் அந்நகரத்தார் போற்றிய தெய்வத்தின் பெயரை இழிவுபடுத்தினார் என்று குற்றம் சாட்ட இடம் தரவில்லை. இதற்குச் சான்று கூறியவர் கிறித்தவர் அல்லர் என்பது முக்கியமானது. நாம் பழித்தோமா இல்லையா என்பதை நம் மனச்சான்று மட்டும் முடிவு செய்தல் போதாது. கேட்டவர் சொல்ல வேண்டும்.

அதே பவுல், ரோமருக்கு எழுதிய நிருபத்தில் இன்னும் கடுமையான கருத்தொன்றை வைக்கிறார். மறைநூலைப் போதித்துக்கொண்டே அதனை மீறுவோரின் நடத்தையால்தான் இறைவனின் பெயர் பிற இனத்தாரிடையே பழிக்கப்படுகிறது என்கிறார். 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும், கடவுளின் பெயரைச் சொல்லி மக்களை அடிமைப்படுத்துவதும் வதைப்பதும் தெய்வநிந்தையே என்று கற்பிக்கிறது. நாவலரின் நூலுக்கு நேர்மையான கிறித்தவ மறுமொழி இதிலிருந்தே தொடங்க முடியும். பிறர் வணங்குவதை ஏளனம் செய்து தன் கடவுளை அறிவிப்பவன், அவருடைய பெயருக்கே பழி தேடித் தருகிறான்.

வகுப்பறைக்கு

தமிழர் இடறி விழும்போது 'முருகா' என்கிறோம். 'அல்லாவே', 'ஏசுவே', 'மாதாவே' என்கிறோம். அவ்வேளையில் தெய்வப்பெயர் வேண்டுதலாகவே வெளிப்படுகிறது. ஆங்கில வழக்கைப் பின்பற்றி 'ஓ மை காட்', 'ஜீசஸ்' என எரிச்சலில் உதிர்க்கும்போது அப்பெயர் பொருளற்ற ஒலியாகத் தேய்கிறது. கட்டளை கூறும் 'வீணாக' என்ற சொல்லை மாணவருக்கு விளக்க இதைவிட எளிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. கடையிலும் பேருந்திலும் எளிதில் வீசப்படும் 'சாமி சத்தியமா' என்ற சொல்லையும் இதனோடு சேர்த்துப் பேசலாம். ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை எனப் பேசுவோருக்கு ஆணை தேவையில்லை என்பது மலைப்பொழிவின் கருத்து.

ஆசிரியர்கள் நொபிலியையும் நாவலரையும் ஒரே பாடவேளையில் கற்பிக்கலாம். இருவரும் தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்தவர்கள். இருவரும் தம் சமயம் பழிக்கப்பட்டதால் வருந்தி எழுதியவர்கள். மாணவர் தம்முடையதல்லாத சமயத்தைச் சார்ந்தவரின் வருத்தத்தை முதலில் எடுத்துரைக்கப் பழகட்டும். மறுப்பு அதன் பின்னர் வரட்டும். தூஷணம் என்னும் சொல் தன் பழைய பொருளாகிய நேர்மையான வாதத்துக்குத் திரும்பும் வழி அதுவே.